துணைவேந்தருக்கு ஊருக்குள்ள என்ன வேலை?

போன இதழ்ல ஒரு துணைவேந்தர் புதுத் துடைப்பத்தைக் கையில புடிச்சுக்கிட்டு, ஏற்கனவே பெருக்கி முடிச்ச ரோட்டைப் பெருக்கற மாதிரி போட்டோவுக்கு நின்னதைப் பத்தி ரெண்டே ரெண்டு வரி கிண்டலா எழுதிட்டேன். அவ்ளோதான், கடிதம் குவிஞ்சிடுச்சு. பாதிப் பேரு "சரியா சொன்னீங்க"ன்னு, மீதிப் பேரு "அவராவது வந்தாரு, நீங்க என்ன கிழிச்சீங்க"ன்னு. ரெண்டாவது கேள்வி நியாயமானதுதான், அதுக்குப் பதில் கீழ இருக்கு. வழக்கம் போல பேரு போடல, ஊரு மட்டும்.

துணைவேந்தர்னா பட்டமளிப்பு விழாவுல கவுன் போட்டுக்கிட்டு வர்றவர்தானே சார், அவருக்கும் ஊர் ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

தம்பி, பட்டமளிப்பு விழாவுல நடுவுல உட்கார்றவரு வேந்தர், நம்ம மாநிலப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் அது கவர்னர். பக்கத்துல உட்கார்ந்து வருஷ அறிக்கையைப் படிக்கறவருதான் துணைவேந்தர், அன்னிக்கு ஒரு நாள் அவரு பக்கத்து நாற்காலி, மீதி நாள் பூரா நிஜமான முதலாளி அவருதான். சிலபஸ், பரீட்சை, ஆள் நியமனம், பட்ஜெட்டுன்னு எல்லாத்துக்கும் கடைசிக் கையெழுத்து அவரோடது.

ஊரோட என்ன சம்பந்தம்னா, பல்கலைக்கழகத்துக்கு பாடம் நடத்தறது ஒரு வேலை, ஆராய்ச்சி ரெண்டாவது வேலை. 1977-78 வாக்குல யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு கொள்கை அறிக்கை போட்டுச்சு, அதுல விரிவாக்கப் பணி, அதாவது ஊர் ஜனங்ககிட்ட போய்ச் செய்யற எக்ஸ்டென்ஷன், மூணாவது வேலைன்னும் முதல் ரெண்டுக்கும் குடுக்கற அதே மரியாதையை இதுக்கும் குடுக்கணும்னும் எழுதி வச்சிருக்காங்க. நான் வாத்தியார் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே எழுதினது. நான் ரிட்டயர் ஆகி வீட்டுல உட்கார்ந்த பிறகும் அந்த மூணாவது வேலை மூணாவதாவேதான் இருக்கு, சில இடத்துல முப்பதாவது.

உன் கேம்பஸ் நிலம் யாரோட மேய்ச்சக்காடா இருந்துருக்கும், உன் வாத்தியார் சம்பளம் யாரு கட்டின வரியிலேர்ந்து வருதுன்னு ஒரு நாள் யோசிச்சுப் பாரு, சம்பந்தம் புரிஞ்சிடும்.

கிண்டல் எல்லாம் சரி, நிஜமாவே ஜனங்களோட இருந்த துணைவேந்தர் யாரையாவது சொல்லுங்களேன்? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

சொல்றேம்மா, இது எனக்குப் புடிச்ச கேள்வி.

முதல்ல நெ. து. சுந்தரவடிவேலு. 1969லேர்ந்து 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஆனா அவரோட பெரிய வேலை அதுக்கு முன்னாடியே நடந்தது, காமராஜர் காலத்துல கல்வித்துறை இயக்குநரா இருந்தப்போ மதிய உணவு, சீருடைன்னு எல்லாத்துக்கும் பின்னாடி நின்ன அதிகாரி அவரு. பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணு நடத்தினாங்க, கேள்விப்பட்டிருப்பீங்களான்னு தெரியல. உங்க ஊர் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைன்னு ஜனங்க கிட்டயே பட்டியல் போடச் சொல்லி, முடிஞ்சதை அவங்களையே செய்ய வைக்கறது. ஒருத்தரு கரும்பலகை, ஒருத்தரு பெஞ்சு, இன்னொருத்தரு சுவருக்குச் சுண்ணாம்புன்னு கொண்டாந்து குடுத்தாங்க. இன்னிக்கு "சமூகப் பங்கேற்பு"ன்னு ப்ரொஜெக்டர்ல காட்டறாங்களே, அதை மேடை போட்டு மைக் வச்சு அன்னிக்கே செஞ்சுட்டாரு. அப்படி ஊர் ஊரா போயி பழகின மனுஷன் துணைவேந்தர் நாற்காலியில வந்து உட்காரும்போது வெளியில வெயில் அடிக்குதுன்னு அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

அவருக்கு அடுத்து 1975ல வந்தவர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவுல துணைத் தலைமை இயக்குநரா இருந்துட்டு, அந்தப் பாரிஸ் வாழ்க்கையை முடிச்சுட்டு சென்னைக்கு வந்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1971ல அடையாறுல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பிச்சவர். எழுத்தறிவு, வயது வந்தோர் கல்வின்னா அவருக்கு உயிரு. 1978 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தை ஆரம்பிச்சப்போ பல்கலைக்கழகமும் கல்லூரியும் அதுல இறங்கணும்னு பேசினவங்கள்ல அவர் முன்வரிசை. சென்னைப் பல்கலைக்கழகத்துல வயது வந்தோர் மற்றும் தொடர்கல்வித் துறைன்னு ஒரு துறையே இருக்கு, அந்தப் பக்கம் போனா எட்டிப் பாருங்க.

காந்திகிராமம் தனிக்கதை. சின்னாளப்பட்டிப் பக்கத்துல, டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947ல ஆரம்பிச்சது. முதல்ல ஆஸ்பத்திரி, கைத்தொழிலோட பாடம் சொல்லித் தர்ற ஆதாரப் பள்ளி, கதர், கிராமத் தொழில்னு ஊர் வேலை, அப்புறம்தான் 1956ல உயர்கல்வி நிறுவனம், 1976ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மத்த இடத்துலல்லாம் பல்கலைக்கழகம் கட்டிட்டு ஊரைத் தேடுவாங்க, இங்க ஊர் வேலை செஞ்சு செஞ்சு கடைசில அது பல்கலைக்கழகமா ஆயிடுச்சு. ராமச்சந்திரன்தான் முதல் துணைவேந்தர்.

வசந்தி தேவி அம்மாவை விட்டுட்டா என் வீட்டம்மா சோறு போட மாட்டாங்க. 1992லேர்ந்து 1998 வரை நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல துணைவேந்தர். அதுக்கப்புறம் மாநில மகளிர் ஆணையத் தலைவி, 2016ல ஆர்.கே. நகர்ல முதலமைச்சரையே எதிர்த்து தேர்தல்ல நின்னாங்க. 2025 ஆகஸ்ட்ல காலமாகற வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடம், ஏழைப் புள்ளைங்க படிப்புன்னே பேசிக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சு பல துணைவேந்தர்களுக்கு பதவி போன மறுநாள் ஊரும் போயிடும், ஜனங்களும் போயிடுவாங்க. இவங்களுக்குப் போகல.

எங்கட பேராசிரியர் துரைராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த காலத்தில பெற்றோல் இல்லை, அவர் சைக்கிளிலதான் கம்பஸுக்கு வந்து போனவர். நாங்கள் கண்ணால கண்டனாங்கள். இதையும் மக்கள் தொடர்பு எண்டு சொல்லலாமோ? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஐயா, தாராளமா சொல்லலாம். படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை: அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜ்ல மண் பொறியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவர். களிமண்ணு பாரத்துக்கு எப்படி நெகிழுதுன்னு ரெண்டு வெள்ளைக்காரப் பேராசிரியர்களோட சேர்ந்து 1963ல எழுதின கட்டுரை இன்னிக்கும் சிவில் இன்ஜினியரிங்ல பேசப்படுது. உலகத்துல எந்த ஊர்லயும் வேலை கிடைச்சிருக்கும். 1988லேர்ந்து 1994ல காலமாகற வரைக்கும் சண்டைக்கு நடுவுல யாழ்ப்பாணத்துல துணைவேந்தர். நீங்க சொன்ன சைக்கிள் விஷயம் அங்கேர்ந்து வந்த பலரும் எங்கிட்ட சொன்னதுதான். ஊர்ல எல்லாருக்கும் என்ன இல்லையோ அது அவருக்கும் இல்ல, அதே ரோடு, அதே வெயில். இதுக்குன்னு ஒரு திட்டம் போட்டு லோகோ அடிக்க முடியுமா?

நான் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) ஆபீசர். கேம்ப்புக்கு துணைவேந்தர் வந்தாத்தான் பேப்பர்ல நியூஸ் வரும்னு பிரின்சிபால் சொல்றார். அவர் வர்ற அன்னிக்கு ஒரு வேலையும் நடக்கறதில்ல. என்ன பண்ணட்டும்? (உதவிப் பேராசிரியை, விருதுநகர்)

நானும் 18 வருஷம் அந்தப் பதவியில குப்பை கொட்டினவன்மா, அதனால என் கதையைச் சொல்றேன். கல்லூரி பேரு, ஊர் பேரு, ஆள் பேரு எல்லாம் வேணாம்.

கரிசக்காடு, மானாவாரி ஊரு. ஏழு நாள் சிறப்பு முகாம், அஞ்சாவது நாள் துணைவேந்தர் வர்றதா ஏற்பாடு. காலைல பத்து மணிக்கு வர வேண்டியவரு ஒரு மணி வரைக்கும் வரல. பசங்க வரிசையா நிக்கறாங்க, நூறு நாள் வேலைக்குப் போக வேண்டிய பொம்பளைங்கள்லாம் அன்னிக்குச் சம்பளத்தை விட்டுட்டு வேப்ப மரத்தடில உட்கார்ந்திருக்காங்க, ஊராட்சித் தலைவர் கூட்டம் காட்டணும்னு புடிச்சு வச்சிருக்காரு. எனக்கு உள்ளுக்குள்ள கூசுது, ஆனா வெளில சிரிச்சுக்கிட்டே ஓடறேன், ஏன்னா மாலை வாடிடக் கூடாதுன்னு தண்ணி தெளிக்கற வேலை எனக்கு.

வந்தாரு. பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிஞ்சு, கிளம்பற நேரத்துல என்ன தோணுச்சோ, நேரா மரத்தடிக்குப் போயி ஒரு பாட்டி பக்கத்துல தரையிலயே உட்கார்ந்துட்டாரு. "உங்களுக்கு என்ன வேணும் பாட்டி, சொல்லுங்க"ன்னாரு. நான் எதிர்பார்த்தது ரோடு, தண்ணி, பென்ஷன். அந்தம்மா சொல்லுச்சு: "ஒண்ணும் வேண்டாமய்யா. போன வருசம் வந்த புள்ளைக எங்கிட்ட எத்தனை ஆடுன்னு கேட்டுச்சு, ஏழுன்னு சொன்னேன், எழுதிக்கிட்டுப் போச்சுக. அந்த ஏழும் செத்துப் போச்சு. அதை அடிச்சிரச் சொல்லுங்க, இல்லாததை இருக்குன்னு வச்சிருந்தா நாளைக்கு எதுவும் வராமப் போயிரும்."

எல்லாரும் சிரிச்சாங்க. துணைவேந்தரும் சிரிச்சாரு, அப்புறம் எம்பக்கம் திரும்பி "போன வருஷ சர்வே எங்கய்யா"ன்னாரு.

எங்க இருக்கும்? என் டிபார்ட்மெண்ட் பீரோவுல, மேல் தட்டுல, சணல் போட்டுக் கட்டி, 212 ஃபாரம். வீட்டுக்கு நாற்பது கேள்வி. கக்கூஸ் இருக்கா, எத்தனை பேர் படிச்சிருக்காங்க, மாடு எத்தனை, ஆடு எத்தனைன்னு பசங்க வெயில்ல அலைஞ்சு எழுதினது. ஒரு ஃபாரத்தைக் கூட நான் எண்ணல, "212 வீடுகளில் சமூக பொருளாதார ஆய்வு நடத்தப்பட்டது"ன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதி போட்டோவோட அனுப்பிட்டேன், அதுக்குப் பாராட்டுக் கடிதம் கூட வந்துச்சு. மேல கேட்டாரே ஒருத்தரு, நீங்க என்ன கிழிச்சீங்கன்னு, இதுதான் சார் நான் கிழிச்சது.

அவரு திட்டல. "எண்ணி முடிச்சுட்டு, அடுத்த மாசம் இதே மரத்தடில இவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க, நானும் வர்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு வரல, சிண்டிகேட், அதான் பல்கலைக்கழக நிர்வாகக் குழு, கூட்டமாம். ஆனா சொல்லிட்டாரேன்னு நாங்க போனோம். எட்டு பசங்க உட்கார்ந்து எண்ணினாங்க, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெரு வாரியா படிச்சுக் காட்டினோம். கீழத்தெருவுல இத்தனை ஆடுன்னு ஒரு பையன் படிச்ச உடனே "அது போன ஐப்பசிக்கு முன்னாடி, இப்ப பாதி கூட இல்ல"ன்னு நாலு பக்கத்துலேர்ந்தும் சத்தம். எப்ப செத்துச்சு, எப்படி செத்துச்சுன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே கதை, மழை பேஞ்சு புதுப்புல்லு முளைச்ச உடனே, நல்லா மேஞ்சுக்கிட்டு இருந்த ஆடு திடீர்னு துள்ளி விழுந்து செத்துச்சுங்கறாங்க. கால்நடை மருந்தகத்து டாக்டரை அடுத்த வாரம் கூட்டிட்டுப் போனோம். கேட்ட மாத்திரத்துல சொல்லிட்டாரு, துள்ளுமாரி, மழைக்கு முன்னாடி தடுப்பூசி போட்டிருந்தா போயிருக்காது. அந்த வருஷம் ஆவணியிலயே ஊசி போட்டாங்க.

நூறு வீட்டு ஆடும் ஒரே மாசத்துல செத்ததை நாற்பது கேள்வி ஃபாரம் கண்டுபிடிக்கல, படிச்சுக் காட்டினப்போதான் தெரிஞ்சது. அதனால உங்க கேள்விக்குப் பதில்: துணைவேந்தரைத் தொடக்க விழாவுக்குக் கூப்பிடாதீங்க. போன வருஷம் செஞ்சதை ஊருக்குப் படிச்சுக் காட்டற அன்னிக்குக் கூப்பிடுங்க, மாலை, பொன்னாடை, மேடை எதுவும் இல்லாம. பிரின்சிபால் கேட்டா புது மாதிரி நிகழ்ச்சின்னு சொல்லிக்குங்க, பேப்பர்காரங்களும் வருவாங்க, புதுசா இருக்கேன்னு.

துணைவேந்தர் எக்ஸ் தளத்துல இருக்கணுமா சார்? (வாசகர், கோவில்பட்டி)

இருக்கட்டும். போன் அடிச்சா எடுக்கவும் செய்யட்டும்.

பேப்பர் போட்டாத்தான் ப்ரமோஷன். சனி ஞாயிறு ஊர் ஊரா அலையற என்னை டிபார்ட்மெண்ட்ல வேலை வெட்டி இல்லாதவன்னு பாக்கறாங்க. துணைவேந்தர் நினைச்சா என்னதான் மாத்த முடியும்? (உதவிப் பேராசிரியர், சேலம்)

தம்பி, உங்க வயித்தெரிச்சல் புரியுது, கணக்கும் உங்க பக்கம்தான் இருக்கு. யூஜிசியோட 2018 விதிகள்படி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அறிவியல் பக்கம்னா 8 மார்க், மொழி, சமூக அறிவியல், வணிகவியல் பக்கம்னா 10 மார்க். என்.எஸ்.எஸ்., ஊர் வேலை எல்லாம் "இதர செயல்பாடுகள்" பட்டியல்ல பத்தோட பதினொண்ணு, செஞ்சீங்களா இல்லையான்னு ஒரு டிக். ரெண்டு வருஷம் ஒரு ஊர்ல உட்கார்ந்தவனுக்கும் ஒரு நாள் பேரணில போர்டு புடிச்சவனுக்கும் அதே டிக்தான். 2025 ஜனவரில வந்த யூஜிசி வரைவு விதிகள்ல ஆசிரியரோட முக்கியப் பங்களிப்புகள்னு போட்ட பட்டியல்ல சமூகப் பணியையும் சேர்த்திருந்தாங்க, ஆனா அந்த வரைவுல துணைவேந்தரை யார் நியமிக்கறதுங்கற சண்டைதான் பெருசா போச்சு, நம்ம சட்டசபைல தீர்மானமே போட்டாங்க, அது போட வேண்டிய தீர்மானமும்தான். அந்த சத்தத்துல இந்த ஒரு வரியை யாரும் கவனிக்கல.

சரி, துணைவேந்தர் யூஜிசி விதியை மாத்த முடியாது. ஆனா அவரு கையில இருக்கற சின்னச் சின்ன விஷயம் நிறைய, சின்னதுங்கறதாலயே யாரும் பேசறதில்ல. உதாரணத்துக்கு பஸ் டீசல். ஊருக்குப் போக கல்லூரி பஸ் வேணும்னா எத்தனை கையெழுத்து, எத்தனை நாள்? நான் ஒரு தடவை ஃபைல் திரும்பி வர்றதுக்குள்ள கேம்ப்பே முடிஞ்சு வந்துட்டேன். விரிவாக்கத் துறைக்குத் தனியா ஒரு வண்டி, சின்னதா ஒரு முன்பணம், பில்லு பின்னாடி குடுத்தா போதும்னு ஒரு சுற்றறிக்கை போட துணைவேந்தருக்கு அரை மணி நேரம் ஆகும்.

அடுத்தது ஹாஸ்டல் டைம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பொம்பளைப் புள்ளைங்க உள்ள இருக்கணும்னா, காட்டு வேலைக்குப் போன ஜனங்க வீடு திரும்பற ஏழு மணிக்கு யாரு போய்ப் பேசறது? பகல்ல போனா ஊர்ல கிழவிங்களும் நாய்களும்தான் இருக்கும். பொறுப்பான ஆசிரியை கூட போனா எட்டரை வரைக்கும் அனுமதின்னு ஒரு உத்தரவு போட்டா நிலைமையே மாறிடும்.

அப்புறம் டைம்டேபிளும் கிரெடிட்டும். சமூக ஈடுபாடுன்னு ரெண்டு கிரெடிட் பாடம் வைக்கலாம்னு யூஜிசி 2020லயே வழிகாட்டுதல் குடுத்தாச்சு. கல்விக்குழுவுல வச்சு பாஸ் பண்ண வேண்டியது, அந்தக் கூட்டத்துக்குத் தலைவரே துணைவேந்தர்தான். ஆனா பாடம் வச்சுட்டு அதுக்கும் கைடு அடிச்சு, "கிராம சபை என்றால் என்ன, ஐந்து மதிப்பெண்"ன்னு கேள்வி கேட்டா வெளங்கினாப்பலதான். எங்கயாவது அப்படி நடக்குதான்னு கேக்காதீங்க, எனக்குக் கோவம் வரும்.

கடைசியா நியமன இண்டர்வியூ. அந்த அறையில துணைவேந்தர் உட்கார்ந்திருக்காரு. "எத்தனை பேப்பர்"னு நிபுணர்கள் கேட்டு முடிச்ச பிறகு "உங்க கல்லூரிக்குப் பக்கத்து ஊர் பேரு என்ன, அங்க தண்ணி எங்கேர்ந்து வருது"ன்னு அவரு ஒரு கேள்வி கேட்டாருன்னு வைங்க, அந்த வாரமே அந்தச் செய்தி மாநிலம் பூரா பரவிடும், அடுத்த இண்டர்வியூக்கு வர்றவன் அத்தனை பேரும் ஊரு பேரைப் படிச்சுட்டு வருவான். மனப்பாடம் பண்ணித்தான் வருவான், வரட்டுமே.

இந்த மாதிரி வேலை எதுலயும் போட்டோ வராது, அதான் யாரும் செய்யறதில்லன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

எங்க ஊரை ஒரு கல்லூரி தத்து எடுத்திருக்கறதா போர்டு வச்சாங்க. மூணு வருஷமா போர்டு மட்டும்தான் இருக்கு, அதுலயும் எழுத்து அழிஞ்சு போச்சு. (முன்னாள் ஊராட்சித் தலைவர், புதுக்கோட்டை)

முதல்ல அந்த "தத்து"ங்கற வார்த்தையே எனக்குப் புடிக்கல. ஆயிரம் வருஷமா இருக்கற ஊரை நேத்து ஆரம்பிச்ச கல்லூரி தத்து எடுக்குதாம்! யாருக்கு யாரு புள்ள?

உன்னத் பாரத் அபியான்னு மத்திய அரசுத் திட்டம், 2014ல ஆரம்பிச்சது, டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்குது. சேர்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைஞ்சது அஞ்சு ஊரைத் தேர்ந்தெடுத்து வேலை செய்யணும். நல்ல திட்டம்தான், நல்லா செய்யற இடங்களும் இருக்கு. பல இடத்துல போர்டோட நிக்கறதுக்குக் காரணம், கல்லூரிகளோட தரத்தை எடை போடற நாக் (NAAC) மதிப்பீடு. அதுல விரிவாக்கப் பணிக்கு மார்க் இருக்கு, மார்க்குக்கு ஆதாரம் வேணும், போர்டும் போட்டோவும் ஆதாரம்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. தமிழ்நாட்டுல இப்ப வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இப்போ இருக்கற தலைவர்கிட்டயோ தனி அலுவலர்கிட்டயோ பேசி, அடுத்த கிராம சபைக்கு அந்தக் கல்லூரியை வரச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்க, "எங்கள் ஊரில் இதுவரை செய்தது, இனி செய்யப் போவது குறித்து மக்களிடம் விளக்கவும்"னு. நகலை மறக்காம துணைவேந்தருக்குப் போடுங்க. நகல்னு ஒண்ணு போச்சுன்னா கல்லூரியில எப்படி ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியும், ஓடினவன் சொல்றேன். வந்தாங்கன்னா திட்டாதீங்க, டீ குடுத்து, ஒரே ஒரு வேலையைக் கேளுங்க. ஊரணி ஆழம் எவ்வளவு, மண்ணு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அளந்து ஒரு வரைபடம் போட்டுக் குடுங்கன்னு சிவில் பசங்ககிட்ட கேக்கலாம், பத்து நாள்ல முடிச்சிடுவாங்க. பத்து வேலை கேட்டா பத்தும் போர்டாத்தான் வரும்.

வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க மட்டும் எப்படி தோட்டத்துக்கே வர்றாங்க? மத்த பல்கலைக்கழகத்துக்காரங்களைப் பார்த்ததே இல்ல. (விவசாயி, தாராபுரம்)

நல்லாப் புடிச்சீங்க. அங்க அது துணைவேந்தரோட மனசைப் பொறுத்ததா விட்டு வைக்கல, அமைப்புலயே இருக்கு. விரிவாக்கக் கல்விக்குன்னு ஒரு இயக்குநரகம், மாவட்டம் மாவட்டமா வேளாண் அறிவியல் நிலையம், படிக்கற பசங்க ஊர்ல தங்கி விவசாயிகளோட வேலை கத்துக்கற பாடம்னு. நாட்டோட முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974ல புதுச்சேரில, நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கீழதான் ஆரம்பிச்சது. கால்நடைப் பல்கலைக்கழகமும் அதே மாதிரி மாவட்டங்கள்ல பயிற்சி மையம் வச்சிருக்கு.

இந்த ஏற்பாடு முதல்ல வந்தது அமெரிக்காவுல. 1862ல மாநிலங்களுக்கு நிலத்தைக் குடுத்து, வித்த காசுல விவசாயமும் தொழிலும் சொல்லித் தர்ற கல்லூரி கட்டச் சொன்னாங்க, 1914ல விரிவாக்கத்துக்குன்னே தனிச் சட்டமும் நிதியும் வந்துச்சு. அந்தக் காலத்துல விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தலைவரா இருந்த வான் ஹைஸ்னு ஒரு நிலவியல்காரர், பல்கலைக்கழகத்தோட பலன் மாநிலத்துல ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்குத் திருப்தி கிடையாதுன்னு பேசினாரு. பேச்சு எல்லாரும் பேசலாம், அங்க அதுக்குக் காசும் ஆளும் சட்டமும் பின்னாடியே வந்துச்சு, அதான் நின்னுச்சு. நம்ம கலை அறிவியல் பக்கத்துல என்.எஸ்.எஸ். ஆபீசர்னு ஒரு வாத்தியார் தலையில கட்டிட்டு, 1969லேர்ந்து அதை வச்சே ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

எங்க பல்கலைக்கழகத்துல துணைவேந்தரே இல்லையே சார், யாருகிட்ட இதெல்லாம் கேக்கறது? (ஆராய்ச்சி மாணவி, சென்னை)

உங்களது மட்டும் இல்லம்மா, பல இடத்துலயும் அந்த நாற்காலி மாசக்கணக்கா, சிலது வருஷக்கணக்கா காலியா கிடந்திருக்கு. அந்த நேரத்துல ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒண்ணு போட்டு ஓட்டுவாங்க. குழு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும், பரீட்சை நடத்தும், ஃபைல் தேங்காமப் பாத்துக்கும். ஆனா புதுசா ஒரு ஊருக்குப் போவோம், மூணு வருஷம் ஒரு வேலை செய்வோம்னு குழு சொல்லாது, அடுத்த மாசம் நாம இருப்போமான்னு அதுக்கே தெரியாதே. நம்ம ஊர்ல துணைவேந்தர் பதவிக்காலமே மூணு வருஷம்தான், முதல் வருஷம் பாராட்டு விழா, கடைசி வருஷம் வழியனுப்பு விழா, நடுவுல இருக்கற ஒரு வருஷத்துல ஊருக்கு எத்தனை நாள் மிஞ்சும்?

அதுவரைக்கும் உங்க துறைத்தலைவரைப் புடிங்க. கேம்பஸ் எஃப்.எம். இருந்தா அதைப் புடிங்க. அண்ணா பல்கலைக்கழக எஃப்.எம். 2004 பிப்ரவரி 1ஆம் தேதி ஆரம்பிச்சது, நாட்டுலயே முதல் கேம்பஸ் சமுதாய வானொலி, சுத்துவட்டாரத்துல பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்தான் எட்டும். அந்த மாதிரி மைக்கைப் பக்கத்துத் தெரு ஜனங்க கையில குடுக்க எந்த துணைவேந்தர் கையெழுத்தும் வேணாம்.

என் பொண்ணு காலேஜ்ல முதல் வருஷம். ஏழு நாள் என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு ஏதோ ஒரு கிராமத்துக்குப் போகணுங்கறா. அனுப்பலாமா, பயமா இருக்கு. (அம்மா, திருப்பூர்)

அனுப்புங்கம்மா. கூட ஆசிரியை தங்கறாங்களான்னு கேட்டுக்குங்க, அந்த நம்பரை வாங்கி வச்சுக்குங்க, தங்கற இடத்துல பாத்ரூம் எப்படின்னு வெக்கப்படாம விசாரிங்க. ஒரு டார்ச் லைட்டு, கொசுவத்தி, மாத்துச் செருப்பு, பழைய சுடிதாரா நாலு குடுத்து விடுங்க, புதுசு வேணாம். திரும்பி வந்தவ, ஊர்ல யாரு வீட்டுல எத்தனை ஆடுன்னு எழுதிட்டு வந்தேன்னு சொன்னான்னா, அந்த ஃபாரம் இப்ப எந்த பீரோவுல இருக்குன்னு கேட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்க.